டிக்ரி ஆகி ஒன்றரை வருடம், ஒரு ரூபாய் வரவில்லை: எந்த இ.பி.யை (நிறைவேற்று மனுவை) முதலில் போடுவது?

நூல்கடை_ஈரோடு (கேள்வி)

வணக்கமுங்க. நூல் சப்ளை செய்த பாக்கிக்கு ஈரோடு சார்பு நீதிமன்றத்தில் 2022 ஜூனில் தாவா (வழக்கு) போட்டு, 2024 ஜூனில் டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை) ஆகிவிட்டது. அசல் 6,40,000 ரூபாய். தாவா தேதியிலிருந்து டிக்ரி தேதி வரை 9 சதவீதம், அதற்குப் பிறகு வசூலாகும் வரை 6 சதவீதம் வட்டி. செலவுத் தொகை 52,350. எதிராளி அப்பீல் போட்டிருக்கிறார், தடையாணை எதுவும் வாங்கவில்லை.

அவர் கரூரில் வாடகைக் கொட்டகையில் தறி ஓட்டி, பெட்ஷீட் நெய்து அங்கேயே ஒரு ஏற்றுமதி கம்பெனிக்குக் கொடுக்கிறார். குடியிருக்கும் வீட்டை, எங்கள் வக்கீல் நோட்டீஸ் போன அடுத்த மாதமே மனைவி பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டார். குளித்தலை பக்கம் அப்பா வழி நிலம் 2 ஏக்கர் சொச்சம் இருக்கிறது, அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொது, இன்னும் பாகம் பிரிக்கவில்லை.

அரெஸ்ட் இ.பி. போட்டால் பயந்து கட்டிவிடுவார் என்று பலரும் சொல்கிறார்கள். அவரோ "ரொம்ப நெருக்கினால் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துடுவேன்" என்று, அதாவது நொடிப்பு (திவால்) மனு போடுவேன் என்று, ஆள் விட்டுச் சொல்கிறார். எதை முதலில் செய்யணும்ங்க?

இ.பி.மேசை

அரெஸ்ட்டை முதலில் போடாதீர்கள். பணம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் காகிதத்தில் கொண்டு வாருங்கள். அது கையில் இருந்தால் அரெஸ்ட் இ.பி.க்கும் பலம் வரும்.

காரணம் இதுதான். சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 51-ன்படி, கடன் கட்டவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. டிக்ரி தேதிக்குப் பிறகு கட்ட வசதி இருந்தும் கட்டவில்லை என்றோ, சொத்தை மறைத்தார் என்றோ நீங்கள் காட்ட வேண்டும். 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஏன் கைது செய்யக்கூடாது என்று கேட்கும் விதி 37 நோட்டீஸுக்கு (இங்கே விதி என்பதெல்லாம் இதே சட்டத்தின் கட்டளை 21) அவர் வந்து "தொழில் படுத்துவிட்டது, கொட்டகைகூட வாடகைதான்" என்று கூண்டில் சொன்னால், மறுத்துக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? வெறுங்கையோடு போனால் மனு தள்ளுபடி ஆகும். அப்படி ஒரு உத்தரவு அவர் கையில் கிடைத்துவிட்டால், அடுத்த ஒவ்வொரு மனுவிலும் அதைத்தான் நீட்டுவார்.

ஒருவேளை சிறைக்கே போனாலும் உச்ச வரம்பு மூன்று மாதம். உள்ளே இருக்கும்வரை சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் கட்ட வேண்டும், அது நின்றால் விட்டுவிடுவார்கள். வெளியே வந்த பிறகு கடன் அப்படியே இருக்கும், ஆனால் அதே டிக்ரிக்கு மறுபடி கைது செய்ய முடியாது. ஒரே தோட்டாவை ஆரம்பத்திலேயே வீணாக்க வேண்டாம். (பிரதிவாதி பெண்ணாக இருந்தால் பண டிக்ரிக்குக் கைது என்பதே கிடையாது, பிரிவு 56.)

இப்போது கணக்கு. டிக்ரி தேதி வரை 2 வருடம் 9 சதவீதம் 1,15,200. அதன்பின் ஒன்றரை வருடம் 6 சதவீதம் 57,600. செலவு 52,350. ஆக இன்றைய பாக்கி 8,65,150. அந்த 1,15,200 வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் 6 சதவீதம் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிப் போட்டால் எதிர்த்தரப்பு கணக்கைப் பிடித்துக்கொண்டே நாலு வாய்தா ஓட்டிவிடும்.

அடுத்தது எல்லை. ஈரோடு நீதிமன்றம் தன் எல்லைக்கு வெளியே இருக்கிற ஆளையோ சொத்தையோ தொட முடியாது. 2002 திருத்தத்தில் வந்த பிரிவு 39(4) அது. உங்கள் எதிராளி, வீடு, கம்பெனி எல்லாம் கரூர். ஆகவே ஈரோட்டில் மாற்றல் மனு போட்டு டிக்ரியைக் கரூர் சார்பு நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். டிக்ரி நகல், இதுவரை வசூலாகவில்லை என்ற சான்று, முன்பு நிறைவேற்ற உத்தரவு ஏதாவது ஆகியிருந்தால் அதன் நகல், இல்லையென்றால் இல்லை என்ற சான்று, இந்த மூன்றும் சேர்ந்து போக வேண்டும். ஒரு காகிதம் விட்டுப்போனாலும் கட்டு திரும்பி வரும். மாற்றல் மனுவே இ.பி. ஆகிவிடாது. கட்டு கரூர் போய்ச் சேர்ந்து நம்பர் ஆனதும் அங்கே தனியாக இ.பி. தாக்கல் செய்ய வேண்டும். காலவரம்பு 12 வருடம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். டிக்ரி ஆகி 2 வருடம் தாண்டினால் விதி 22 நோட்டீஸ் என்று ஒரு கூடுதல் கட்டம் சேரும். உங்களுக்கு 2026 ஜூன் வரை நேரம் இருக்கிறது, அதற்குள் போட்டால் அந்தச் சுற்று மிச்சம்.

அப்பீல் போட்டதால் மட்டும் வசூல் நிற்காது. தடை கேட்டு மனு வந்தால், பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லியோ ஜாமீன் கேட்டோ எதிர்மனு போடுங்கள்.

இனி பணம். என் பார்வையில் உங்கள் வழக்கில் மிகப் பெரிய பிடிமானம் அந்த ஏற்றுமதி கம்பெனிதான். எதிராளிக்கு அவர்கள் தரவேண்டிய பில் தொகை என்பது அவருக்கு வரவேண்டிய கடன். கட்டளை 21 விதி 46-ல் அதை ஜப்தி செய்து, விதி 46ஏ-யில் கம்பெனிக்கு கார்னிஷி நோட்டீஸ் (எதிராளிக்குத் தரவேண்டிய பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்வது) அனுப்பலாம். நோட்டீஸில் குறித்தபடி தொகையைக் கோர்ட்டில் கட்ட வேண்டும் அல்லது ஏன் கட்டவில்லை என்று ஆஜராகிச் சொல்ல வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் 46பி-யில் கம்பெனி மீதே உத்தரவு போடலாம், அதை டிக்ரி மாதிரியே நிறைவேற்றலாம். ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒரு சின்ன தறிக்காரருக்காகத் தன் மேல் கோர்ட் உத்தரவு வாங்கிக்கொள்ள விரும்பாது.

இதில் கெடுவது நேரம். ஏற்கெனவே உண்டாகிவிட்ட கடனைத்தான் ஜப்தி செய்யலாம். பட்டுவாடா தேதி அடுத்த மாதமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் சரக்கு போய் பில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த சீசன் ஆர்டரை ஜப்தி செய்ய முடியாது. அவருக்குப் பணம் தரக்கூடாது என்ற கோர்ட்டின் தடை உத்தரவு கம்பெனி கணக்குப் பிரிவில் சேரும்போது பில் நிலுவையில் இருக்க வேண்டும், அதனால் உத்தரவு வந்த அன்றே பேட்டா (உத்தரவைச் சேர்ப்பிக்கும் கட்டணம்) கட்டி, கோர்ட் ஊழியரான அமீனாவோடு உங்கள் ஆள் ஒருவர் போய் சீல் வாங்கிக்கொள்வது நல்லது. "நூல் எங்களுடையது, அவருக்குக் கூலி மட்டும்தான், அதற்கும் முன்பணம் போய்விட்டது" என்று கம்பெனி பதில் போடலாம். அப்போது பேரேட்டை வரவழைத்து விசாரிக்கச் சொல்லுங்கள், 46சி அதற்குத்தான். அந்தப் பேரேடே பிறகு அரெஸ்ட் மனுவில் "வசதி இருக்கிறது" என்பதற்கு முதல் சாட்சி.

வங்கிக் கணக்கையும் இதே வழியில் பிடிக்கலாம். உங்களுக்கு முன்பு அவர் அனுப்பிய ஆர்டிஜிஎஸ் பதிவில், கொடுத்த செக்கில் கணக்கு எண்ணும் கிளையும் இருக்கும். ஆனால் அது ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) அல்லது சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்காக இருந்தால் வங்கிதான் அவருக்குக் கடன் கொடுத்திருக்கிறது, எடுக்க ஒன்றும் இருக்காது. சேமிப்புக் கணக்கு, வைப்புத் தொகை எங்கே என்று தேடுங்கள்.

இதோடு சேர்த்தே விதி 41(2) மனுவும் போடுங்கள். டிக்ரி 30 நாள் வசூலாகாமல் இருந்தாலே, எல்லாச் சொத்தையும் எழுதி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யும்படி எதிராளிக்கு உத்தரவு கேட்கலாம். தாக்கல் செய்யாவிட்டால் அதற்கே மூன்று மாதம் வரை சிவில் சிறை உண்டு. பொய் எழுதினால், நீங்கள் வைத்திருக்கும் வில்லங்கச் சான்றும் பேரேடும் அதைக் காட்டிக் கொடுக்கும். இத்தனை வலுவான விதியை நம்மூர் இ.பி.க்களில் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துவது வருத்தமான விஷயம்.

வில்லங்கம்_பார்க்கிறவர்

மேலே சொன்னதில் முரண்பாடு இல்லை. வீட்டையும் நிலத்தையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

வீட்டை விட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் கிடைத்த அடுத்த மாதம், பணம் வாங்காமல், மனைவிக்கு, அதே வீட்டில் தானும் குடியிருந்துகொண்டே எழுதிய செட்டில்மெண்ட், சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 53-ல் கடன் கொடுத்தவர்களை ஏமாற்ற எழுதியது என்று தாக்குவதற்கு ஏற்ற உதாரணம். வீட்டை எதிராளியின் சொத்து என்றே காட்டி ஜப்தி கேளுங்கள். மனைவி விதி 58-ல் உரிமை மனு போடுவார். 1976 திருத்தத்துக்குப் பிறகு அந்த மனுவிலேயே எல்லாக் கேள்வியையும் இ.பி. கோர்ட்டே தீர்மானிக்க வேண்டும், அந்த உத்தரவு டிக்ரிக்குச் சமம், அப்பீல் உண்டு. "தனி வழக்கு போட்டு செட்டில்மெண்டை ரத்து செய்துகொண்டு வாருங்கள்" என்று எதிர்த்தரப்பு வாதாடும். அப்துல் ஷுக்கூர் சாயபு வழக்கில் 1963-லேயே உச்ச நீதிமன்றம், பிரிவு 53 வாதத்தை எதிர்வாதமாகவும் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை வக்கீலிடம் சொல்லி வையுங்கள்.

தயாராக இருக்க வேண்டிய காகிதம்: செட்டில்மெண்டின் சான்றிட்ட நகல், நோட்டீஸ் அவருக்குச் சேர்ந்த தபால் அட்டை, செட்டில்மெண்டுக்கு முன்பிருந்து இன்று வரைக்குமான வில்லங்கச் சான்று, இன்றும் அவர் பெயரில் இருக்கும் மின் இணைப்பு அல்லது வீட்டு வரி ரசீது. இதோடு, அந்த வீடு போனால் அவர் கையில் கடனைத் தீர்க்கும் அளவுக்கு வேறு சொத்து இல்லை என்பதையும் காட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் 41(2) பிரமாணப் பத்திரம் உங்களுக்கு உதவும்.

வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்திலேயே பார்க்கலாம், ஆனால் கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத சொத்தைத் தேட, சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரித் தேடல் மனு போடுங்கள். அவர் பெயர், அப்பா பெயர், இனிஷியல் மாறி எழுதிய வடிவம் எல்லாவற்றுக்கும் தேடச் சொல்லுங்கள். ஒரே ஆள் ஒரு பத்திரத்தில் "கே", இன்னொன்றில் "க" என்று இருப்பார்.

குளித்தலை நிலத்தில் அவருடைய பிரிபடாத பாகத்தை மட்டும் ஜப்தி செய்யலாம். இ.பி. சொத்து விவரத்தில் முழு நிலத்தின் நான்கெல்லையையும் கொடுத்து, "இதில் பொதுவில் எதிராளிக்குரிய மூன்றில் ஒரு பாகம்" என்று எழுத வேண்டும். முழு 2 ஏக்கரையும் ஜப்தி கேட்டால் சகோதரர்கள் இரண்டு பேரும் உரிமை மனுவோடு வந்து நிற்பார்கள், வருடம் ஓடும். மூன்றில் ஒன்று என்பதையும் பட்டாவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அக்கா தங்கை இருந்தால் பங்கு குறையும், வாரிசுச் சான்றைப் பாருங்கள். பாகத்தை ஏலம் எடுப்பவருக்கு உடனே சுவாதீனம் கிடைக்காது, அவர் பாகப்பிரிவினை வழக்கு போட வேண்டும். அதனால் வெளியாள் குறைத்துத்தான் கேட்பார். ஆனால் இந்த ஜப்திக்கு வேறு ஒரு பலன் உண்டு. குடும்ப நிலத்துக்குள் ஏலத்தில் அந்நியர் வரப்போகிறார் என்றால் அண்ணன் தம்பிகளே பணத்தைப் புரட்டிக் கட்ட முன்வருவார்கள்.

கரூருக்கு டிக்ரி மாறி வரும் இடைவெளியில் நிலத்தை விற்றுவிடுவாரோ என்று பயந்தால், சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 46 இருக்கிறது. ஈரோடு நீதிமன்றமே, நிலம் இருக்கும் எல்லையின் நீதிமன்றத்துக்கு "இந்தச் சொத்தை ஜப்தி செய்க" என்று கட்டளை அனுப்பலாம். அது 2 மாதம் நிற்கும். அதற்குள் நீட்டிப்பு வாங்க வேண்டும், இல்லையென்றால் டிக்ரியை அந்த நீதிமன்றத்துக்கு மாற்றி விற்பனைக்கு மனு போட்டுவிட வேண்டும்.

ஜப்தி உத்தரவு ஆனதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நிலத்தில் தண்டோரா போட்டு, நிலத்திலும் கோர்ட் பலகையிலும் ஒட்ட வேண்டும். தீர்வை கட்டும் நிலம் என்றால் கலெக்டர் அலுவலகத்திலும், கிராம நிலம் என்றால் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். அமீனா அறிக்கையில் எந்தத் தேதி, எந்த இடம், யார் சாட்சி என்பது தெளிவாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். உத்தரவின் நகல் சார்பதிவாளருக்குப் போய், வில்லங்கத்தில் ஏறிவிட்டதா என்று சில வாரம் கழித்து நீங்களே எடுத்துப் பாருங்கள். ஜப்திக்குப் பின் நடக்கும் தனியார் விற்பனை உங்களைக் கட்டுப்படுத்தாது, அதே சட்டம் பிரிவு 64. என்றாலும் வில்லங்கத்தில் ஏறாமல் விட்டால் யாரோ ஒருவர் வாங்கிவிட்டு உங்களோடு வழக்காட வருவார்.

இன்னொன்று, இதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. பேட்டா கட்டாமலோ வாய்தாவுக்கு யாரும் நிற்காமலோ இ.பி. தள்ளுபடி ஆனால், ஜப்தி தொடரும் என்று நீதிபதி தனியே எழுதாவிட்டால் ஜப்தியும் அதோடு போய்விடும், விதி 57. மறுநாளே அவர் விற்கலாம்.

சம்பள_ஜப்தி_கேள்வி

குறுக்கே ஒரு சந்தேகம். என் வழக்கில் எதிராளி அரசு ஊழியர். சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம்?

இ.பி.மேசை

முதல் 1,000 ரூபாய் போக, மீதியில் மூன்றில் ஒரு பங்கு. கணக்கில் வரும் சம்பளம் 46,000 என்றால் 45,000-ல் மூன்றில் ஒன்று, மாதம் 15,000. அரசு அறிவிக்கையில் விலக்கு அளித்த படிகளைக் கழித்த பிறகுதான் இந்தக் கணக்கு. ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான், அதாவது இந்த உதாரணத்தில் 3,60,000. அதற்கு மேல் அந்த டிக்ரிக்காக அந்தச் சம்பளத்தைத் தொட முடியாது, மீதிக்கு வேறு சொத்தைத்தான் தேட வேண்டும். பி.எஃப்., அரசு ஓய்வூதியம், கிராஜுவிட்டி, ஆயுள் காப்பீட்டுத் தொகை எதையும் ஜப்தி செய்ய முடியாது. விதி 48 உத்தரவு சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரி பெயரில் போக வேண்டும். அவர் வேறு மாவட்டத்துக்கு மாறுதல் ஆகியிருக்கிறாரா என்று கேட்டுவிட்டு மனு போடுங்கள்.

நொடிப்பு_நீதிமன்றம்

மஞ்சள் நோட்டீஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. மாகாண நொடிப்புச் சட்டம், 1920. மனு தாக்கல் செய்துவிட்டார் என்பதாலேயே உங்கள் இ.பி. தானாக நிற்காது. நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்தால்தான் தடை, அதன் பிறகு அனுமதி இல்லாமல் நடத்த முடியாது. ஆனால் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். நொடிப்பு மனு கோப்பில் ஏற்கப்பட்ட தேதிக்கு முன் இ.பி.யில் வசூலாகிக் கைக்கு வந்த தொகைதான் உங்களுடையது (பிரிவு 51). ஜப்தி மட்டும் செய்து வைத்திருந்தால் அது கடன் கொடுத்த எல்லோருக்கும் பொதுவாகிவிடும். கார்னிஷியை முதலில் போடச் சொன்னது சரி என்பதற்கு இதுவும் காரணம், நிலத்தை ஏலம் விடுவதைவிடச் சீக்கிரம் பணமாகும் வழி அது.

மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். நொடிப்பு மனு போட்டால் அவர் எல்லாச் சொத்தையும் அட்டவணையில் காட்ட வேண்டும். செட்டில்மெண்ட் எழுதி 2 வருடத்துக்குள் மனு வந்திருந்தால் நொடித்தவர் சொத்தைக் கவனிக்கக் கோர்ட் நியமிக்கும் சொத்துப் பொறுப்பாளரே அதை ரத்து செய்யக் கேட்கலாம். உங்கள் வழக்கில் 2 வருடம் தாண்டிவிட்டது, ஆனாலும் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 53 வாதம் கடன் கொடுத்தவர்கள் எல்லோருக்குமாக உயிரோடு இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் தூக்கிப் போடாமல், ஆஜராகி எதிர்ப்பையும் உங்கள் கடனுக்கான ஆதாரத்தையும் தாக்கல் செய்யுங்கள். வேறு டிக்ரிதாரர்கள் இருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். பணம் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே அவர்களும் அதே நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 73-ல் விகிதாச்சாரப் பங்கு கேட்பார்கள்.

நூல்கடை_ஈரோடு

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. மாற்றல் மனு தயார் செய்யச் சொல்லிவிட்டேன். அதற்குள் எதிராளி பக்கமிருந்து ஒருவர் வந்து, "4 லட்சம் ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள், மீதியைத் தவணையில் பார்க்கலாம், கோர்ட் வேண்டாம்" என்கிறார். வாங்கலாமா?

இ.பி.மேசை

வாங்கலாம், வாங்கும் முறையைக் கவனியுங்கள். ரொக்கம் வேண்டாம், வங்கி வழியாக மட்டும். வருமான வரிச் சட்டப்படியும் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்குவது உங்களுக்குத்தான் அபராதம்.

ரசீதில் "டிக்ரி பாக்கியில் பகுதி வரவு" என்று வழக்கு எண்ணோடு எழுதுங்கள். "முழுத் தீர்வு", "சமரசம்" போன்ற சொற்கள் எதிலும் வரக்கூடாது. வரவு முதலில் செலவுக்கும் வட்டிக்கும், பிறகு அசலுக்கு என்று வெளிப்படையாக இருக்கட்டும். 4,00,000-ல் செலவு 52,350, வட்டி 1,72,800 போக 1,74,850 அசலில் கழியும், நிற்கும் அசல் 4,65,150. அவர்கள் எழுதிவரும் காகிதத்தில் "அசலில் வரவு" என்று இருந்தால் நிற்கும் அசல் 2,40,000 ஆகி, வருட வட்டி 27,909-லிருந்து 14,400-க்கு இறங்கிவிடும். வட்டியும் செலவும் எப்போது வரும் என்பது அவர்கள் மனது.

தவணைக்கு ஒத்துக்கொண்டால் தேதியும் தொகையும் குறித்து, ஒரு தவணை தவறினாலும் முழு பாக்கிக்கும் டிக்ரியை நிறைவேற்றலாம், டிக்ரி அப்படியே உயிரோடு இருக்கிறது என்ற வாசகத்தோடு கோர்ட்டில் கூட்டு மெமோவாகத் தாக்கல் செய்யுங்கள். வெளியே எழுதிக்கொண்ட ஒப்பந்தம் டிக்ரிக்குப் பதிலாக வந்தது என்று பிறகு வாதாடினால், புது வழக்குப் போடும் நிலைக்குத் தள்ளப்படலாம். வெளியில் வாங்கிய ஒவ்வொரு தொகையையும் விதி 2-ன்படி நீங்களே கோர்ட்டில் சான்று செய்ய வேண்டும், அது உங்கள் கடமை. மறைத்துவிட்டு முழுத் தொகைக்கு இ.பி. ஓட்டினால், வங்கிப் பதிவைக் காட்டி உங்கள் நாணயத்தையே உடைப்பார்கள்.

தவணைப் பேச்சு நடக்கிறது என்பதற்காக மாற்றல் மனுவை நிறுத்தாதீர்கள். கட்டு கரூர் போய்ச் சேரட்டும், கார்னிஷி மனுவும் எழுதித் தயாராக இருக்கட்டும். இ.பி. நம்பர் ஆனதும், ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021 ராகுல் ஷா வழக்கிலும் 2025 மார்ச்சில் நம் தமிழ்நாட்டு வழக்கான பெரியம்மாள் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் குறிப்பிட்டு மெமோ கொடுங்கள். கம்பெனி பணம் கட்டிவிட்டால் அது கோர்ட் கணக்கில் இருக்கும், தானாக உங்களுக்கு வராது. அதை எடுக்க செக் பெட்டிஷன் என்ற மனுவைத் தனியாகப் போட வேண்டும், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். ஆதார், வங்கிப் புத்தக முதல் பக்க நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்ரியில் உங்கள் கடைப் பெயர் இருந்து வங்கிக் கணக்கு உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் அங்கே ஒரு முறை நிற்கும், அதற்கும் இப்போதே ஜிஎஸ்டி பதிவுச் சான்றை எடுத்து வையுங்கள்.